பூட்ஸோடு எடுத்த உயரம்

சலித்துக்கொள்ளாதீர்கள், ஐயா. இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். எட்டிப் பார்த்துப் பயனில்லை, இன்ஜின் அந்தக் கோடியில் நிற்கிறது, இங்கிருந்து தெரியாது. தண்ணீர் பிடிக்கவில்லை, கரி ஏற்றவில்லை, ஒன்றும் இல்லை. ஒரு டிரைவர் இறங்குகிறார், இன்னொரு டிரைவர் ஏறுகிறார். முன்பெல்லாம் இதற்கு மூன்று நிமிடம். இப்போது பதின்மூன்று. ஏனென்றால் இறங்குகிற டிரைவரோடு ஒரு மரப்பெட்டியும் இறங்க வேண்டும். ஏறுகிற டிரைவரோடு வேறொரு மரப்பெட்டி ஏற வேண்டும். ஏற்றி, அது நகராமல் கயிறு கட்ட வேண்டும். நீங்கள் திட்டினீர்களே, அந்தப் பத்து நிமிடத்துக்கு நான்தான் பொறுப்பு. அதாவது, நான் பொறுப்பு என்று சொல்கிறார்கள்.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வக்கீல் குமாஸ்தா என்று நீங்கள் சொன்னதால்தான் வாயைத் திறந்தேன். நாளைக் காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு விசாரணை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். 'நீர் எடுத்த அளவு சரியா, தப்பா?' சரி என்றால் ஒரு நல்ல டிரைவரைத் தண்டிப்பார்கள். தப்பு என்றால் என் வேலை போகும், அந்த டிரைவரை இன்ஜினைவிட்டே இறக்கிவிடுவார்கள். எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும், ஐயா. பொய்யும் இருக்கக் கூடாது, யாரையும் கவிழ்க்கவும் கூடாது. நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

என் பெயர் அமிர்தகடேசன். ரயில்வே டிராயிங் ஆபீசில் உதவி டிராஃப்ட்ஸ்மேன். இன்னும் டெம்பரவரிதான். அப்பா வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் கூலி. எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பரீட்சை ஹாலில் எனக்கும் ஜில்லா கலெக்டர் மகனுக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ஒரே தாள், ஒரே மூன்று மணி நேரம். அன்றைக்கு வந்த நம்பிக்கை எனக்கு இன்றுவரை உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவு என்று வைத்துவிட்டால் என்னைப் போன்றவன் பிழைத்துக்கொள்வான்.

அதனால்தான் இந்த வேலை கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அப்போதுதான் கம்பெனி ரயில்வேக்களை எல்லாம் சர்க்கார் எடுத்து ஒன்றாக்கியிருந்தது. எங்கள் பக்கம் மட்டும் மூன்று கம்பெனி. மூன்று கம்பெனிக்கும் சேர்த்து நாற்பத்தோரு வகை இன்ஜின். நாற்பத்தொன்று, ஐயா! ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாது. ஒன்றில் நீராவி திறக்கிற கைப்பிடி வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். ஒரு இன்ஜினுக்கு ஒரு வளையம் உடைந்தால் கப்பலில் வரும்வரை நான்கு மாதம் அது ஷெட்டில் தூங்கும். இதையெல்லாம் ஒழித்து, நாடு முழுக்க நாலைந்து வகை இன்ஜின்தான், எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடம்தான் என்று டில்லியிலிருந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. சிரிக்காதீர்கள். உண்மையாகவே கலங்கியது.

புது இன்ஜினில் டிரைவர் நிற்கிற இடத்தை எப்படி அமைப்பது என்பதற்கு அளவு வேண்டும் என்றார்கள். ஜன்னல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று. அதற்கு டிரைவர்களை அளக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் ஐம்பத்தெட்டு டிரைவர். அளக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்கென்று தனியாக வந்த முதல் வேலை அது.

கூடவே ஒரு சர்க்குலர். எனக்கு இன்னும் மனப்பாடம். ஒன்று, டிரைவர்கள் பணியின்போது அணியும் பாதணியோடு உயரம் எடுக்கப்பட வேண்டும். இரண்டு, வடிவமைப்பு அங்கீகரிக்கப்படும்வரை அளவின் காரணம் எவரிடமும் வெளியிடப்படலாகாது. இரண்டையும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார் எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் சுந்தரவரதன்.

இந்த இரண்டையும் நான் மீறவில்லை. ஒரு எழுத்துகூட மீறவில்லை. இதைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

முதல் நாள் போனேன். ஷெட் சுவரில் அடி, அங்குலம், கால் அங்குலம் வரை கோடு போட்ட பலகையை நானே அடித்து நிறுத்தினேன். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தேன். ஆறு டிரைவர்கள் வந்தார்கள். அதில் ஐந்து பேர் காலில் செருப்பு, ஒருவர் வெறுங்கால். 

"பூட்ஸ் எங்கே?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டூட்டியில் பூட்ஸ் போட வேண்டும் என்று விதி இருக்கிறதே. நீங்கள் பூட்ஸ் இல்லாமலா இன்ஜினில் ஏறுகிறீர்கள்?"

"ஐயையோ, இல்ல சார். பூட்ஸ் போட்டுத்தான் ஏறுவோம். இன்னிக்குத்தான் மறந்துட்டோம்."

"ஆறு பேருமா?"

"ஆறு பேருந்தான் சார்."

சரி, நாளைக்குப் பூட்ஸோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? விதியில் பூட்ஸ், சர்க்குலரில் பாதணி. அவர்களே போடுவோம் என்கிறார்கள். நான் எதை வைத்துச் சந்தேகப்படுவது?

அப்போதுதான் ரிபெய்ரோ வந்தார். ஆங்கிலோ இந்தியர், ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு, ஷெட்டிலேயே உயரமான டிரைவர். கம்பெனிக் காலத்தில் அவர் போன்றவர்களுக்குத்தான் பூட்ஸ் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

"இந்த அளவெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டார்.

"அதை என்னால் சொல்ல முடியாது."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா? அதையாவது சொல்லுங்க."

"அதையும் சொல்ல முடியாது."

பின்னாலிருந்து பொன்னுரங்கம் என்கிற, இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேன் சொன்னான்: "சொல்ல முடியாதுன்னா கெட்டதுக்குத்தான்யா. நல்லதுன்னா மைக் வச்சுல்ல சொல்லுவானுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று சாயங்காலமே ஷெட் முழுக்கப் பேச்சு. புது இன்ஜின் வருகிறதாம், குட்டையானவனை எல்லாம் மெயிலிலிருந்து இறக்கிக் கூட்ஸுக்கு மாற்றப்போகிறார்களாம், அதற்குத்தான் அளவாம். டீக்கடையில் என் காதிலேயே விழுந்தது. அது தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? 'எவரிடமும் வெளியிடப்படலாகாது.' டெம்பரவரி ஆள் நான். அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து எல்லாரும் பூட்ஸோடு வந்தார்கள். பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ். நடப்பதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது, சேற்றில் நடக்கிற மாதிரி. ஒருவர் அளவு கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போவார், ஐந்து நிமிடம் கழித்து அடுத்தவர் வருவார். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "டூட்டியில் போடுவது இதுதானா?" ஒவ்வொருவரும் சொன்னார்: "இதேதான் சார்." அதையும் பதிவேட்டில் தனிக் கட்டம் போட்டு எழுதினேன். ஐம்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே மாதிரிப் பூட்ஸ். இடது பூட்ஸின் முனையில் ஒரே இடத்தில் ஒரே கீறல். எனக்கு அது கண்ணில் பட்டது. பட்டது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். பாருங்கள், பூட்ஸிலேயே ஸ்டாண்டர்டு வந்துவிட்டது என்றுகூடச் சந்தோஷப்பட்டேன்.

அது ரிபெய்ரோவின் பூட்ஸ், ஐயா. ஒரே ஜோடி. உள்ளே இன்ஜின் துடைக்கிற பஞ்சை அமுக்கி அமுக்கித் திணித்து, அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் ஒரு தட்டு வேறு சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். என்னை ஏமாற்றினார்கள். படித்தவன், நம்பி ஒரு வார்த்தை கேட்டால், ஐம்பத்தெட்டுப் பேரும் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அளவு எடுக்கிற இடத்தில் மனிதன் உள்ளபடி நிற்க வேண்டாமா?

என் மெடிக்கல் டெஸ்டா? அதை ஏன் கேட்கிறீர்கள்? எடை நூற்றைந்து பவுண்டு இருக்க வேண்டும் என்றார்கள், நான் நூற்றொன்று. வாசலில் எட்டு வாழைப்பழமும் இரண்டு சொம்புத் தண்ணீரும் உள்ளே தள்ளிவிட்டுப் போய் நின்றேன். தராசில் நிற்கும்போதே குமட்டியது. ஆனால் அது வேறு விஷயம். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

வண்டி கிளம்பிவிட்டது, பார்த்தீர்களா? பெட்டி ஏறிவிட்டது போலிருக்கிறது. ஜன்னலைப் பாதி இறக்கிவிடுங்கள், கரித்தூள் வரும்.

எங்கே விட்டேன்? ஆம், சராசரி. ஐந்தடி ஏழேகால் அங்குலம் வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். சுந்தரவரதன் அதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நம்மவா குள்ளம், நம்மவா குள்ளம்னு வெள்ளைக்காரன் புஸ்தகம் புஸ்தகமா எழுதி வச்சான். இப்போ பாரும்! சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகலை, நிமிர்ந்துட்டான் நம்மாள்! பேஷ், அமிர்தகடேசன், பேஷ்!"

அதை அப்படியே மேலே எழுதியும் அனுப்பினார். வரைபடம் தயாராகி, அங்கீகாரமாகி, இன்ஜின் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வரைபடத்தின் ஓரத்தில் என் கையெழுத்தின் முதல் எழுத்தும் உண்டு. அப்பாவிடம் ஒரு பிரதி காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நேர்த்தியா இருக்குப்பா" என்றார்.

முதல் இன்ஜின் வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஒரே கூட்டம். அதை ஓட்டிக்கொண்டு போக மரியசூசையை நிறுத்தினார்கள். நான் சொன்னேனே, நல்ல டிரைவர் என்று, அவர்தான். கம்பெனியில் கரி அள்ளுகிற வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருடத்தில் மெயில் ஓட்டும் அளவுக்கு வந்தவர். அவர் வண்டியை வைத்து ஸ்டேஷன் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பார்கள். அவர் ஏறினார். கைப்பிடியைப் பிடித்தார். கை தலைக்கு மேலே போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலில் கீழேயிருந்து நாங்கள் பார்த்தது அவருடைய தொப்பியை மட்டும்தான்.

கூட்டத்தில் பொன்னுரங்கம் கத்தினான்: "அண்ணே, எங்கண்ணே இருக்கீங்க?"

"இங்கதான்டா இருக்கேன், சனியனே. ஒரு கள்ளிப்பெட்டி கொண்டா!"

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பெட்டி. ஒரு மாதத்தில் ஆளுக்கு ஒன்று. கள்ளிப்பெட்டி, சோப்புப்பெட்டி, தச்சனிடம் சொல்லிச் செய்த பெட்டி. ஒன்று இரண்டங்குலம், ஒன்று ஐந்தங்குலம். அவனவன் பெட்டி அவனவனுக்கு, அடுத்தவன் தொடக் கூடாது. நாற்பத்தோரு வகை இன்ஜினை ஒழித்து ஒரே இன்ஜின் கொண்டுவந்தோம். இப்போது நாற்பத்து மூன்று வகைப் பெட்டி.

வண்டிகள் தாமதமாகின்றன, போய்ப் பார்த்து வாரும் என்று என்னையே அனுப்பினார்கள். போனேன். நாற்பத்து மூன்று பெட்டியையும் அளந்தேன். ரிபெய்ரோ போன்ற உயரமான பதினைந்து பேருக்குத்தான் பெட்டி இல்லை. அப்போதுதான் பூட்ஸ் கதையும் வெளியே வந்தது. பொன்னுரங்கம்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டியையும் ஸ்டாண்டர்டு ஆக்கிவிடுவது! இரண்டு, நான்கு, ஆறு அங்குலம், மூன்றே அளவு. அடியில் கொக்கி. நகராது. இன்ஜினுக்கு மூன்று பெட்டி நிரந்தரமாக இருக்கும், ஏற்றி இறக்க வேண்டியதில்லை. வரைபடம் போட்டு, பெட்டிப் பட்டியலையும் சேர்த்து சுந்தரவரதனிடம் வைத்தேன்.

அவர் பட்டியலை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

"இதை நான் பார்க்கலை."

"பார்த்தீர்களே, சார்."

"ஓய், பெட்டின்னு ஒண்ணு இருக்குன்னு நாம காகிதத்துல எழுதினா, ஜன்னல் உயரம் தப்புன்னு நாமே ஒத்துக்கிறோம்னு அர்த்தம். இதே வரைபடத்துல இன்னும் நூறு இன்ஜினுக்கு ஆர்டர் போகப்போறது. உமக்கு வேலை நிரந்தரமாக வேண்டாமா?"

வேண்டும். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? பட்டியலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த வாரமே பெட்டி வைப்பது குற்றம் என்று ஷெட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டின நோட்டீஸுக்குக் கீழேயே பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

போன மாதம் விபரீதம் நடந்தது. மரியசூசை ஓட்டிவந்த வண்டி ஒரு வளைவில் குலுங்கியபோது அவர் காலடிப் பெட்டி சறுக்கிவிட்டது. கயிறு அறுந்திருக்கிறது. அவர் விழுந்து, கை சூட்டுக் குழாயில் பட்டு வெந்துவிட்டது. எழுந்து பிரேக் போடுவதற்குள் சிவப்பு சிக்னலை இரண்டு ரயில்பெட்டி நீளம் தாண்டி நின்றது வண்டி. எதிரே எதுவும் இல்லை. பயணிகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் சிக்னல் சிக்னல்தானே?

சஸ்பெண்டு செய்தார்கள். சார்ஜ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'பதிவேட்டின்படி இவருடைய உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம். இந்த உயரமுள்ளவருக்கு மேற்படி இன்ஜினில் பெட்டி தேவையில்லை. எனவே அனுமதியின்றிப் பெட்டி வைத்தது ஒழுங்கீனம்.' பதிவேடு என்னுடையது. ஐந்தடி ஐந்தரை நான் எழுதியது. அந்த மனிதர் வெறுங்காலில் ஐந்தடி ஒன்று இருந்தால் அதிகம்.

அன்றே நான் தீர்மானித்துவிட்டேன், உண்மையை எழுதிவிடுவது என்று. பூட்ஸ், பஞ்சு, எல்லாம். அவரைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்று நினைத்தேன். ஷெட்டில் ஒருவரிடம் சொல்லியும் விட்டேன். இரண்டாம் நாள் மரியசூசையே என் அறைக்கு வந்தார். கையில் கட்டு.

"உள்ள வரலாமா சார்?"

நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார். கால் தரையில் முழுசாகப் படவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நீங்க உண்மைய எழுதிருவீங்கன்னு ஷெட்டுல எல்லாரும் சொல்றாங்க. ரொம்ப நல்லவரு, நேர்மையானவருன்னு சொல்றாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"பயமா? உங்களுக்காகத்தான் எழுதப்போகிறேன்."

"எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க சார். பெட்டி வச்சது என் தப்புன்னு ஒத்துக்கிறேன். ஆறு மாசமோ ஒரு வருசமோ கூட்ஸ் ஓட்டும்பான். ஓட்டிட்டுப் போறேன். உயரத்த மட்டும் கிளறாதீங்க. அஞ்சடி ரெண்டங்குலத்துக்குக் கீழ இருக்கிறவன் டிரைவராவே இருக்கக் கூடாதுன்னு புதுசா சட்டம் வந்திருக்கு, தெரியுமா?"

தெரியும். மூன்று கம்பெனியின் விதிகளையும் ஒன்றாக்கியபோது அதையும் ஒன்றாக்கினார்கள். அந்த விதிப் புத்தகத்தின் அட்டவணையை அழகாகக் கோடு போட்டுக் கொடுத்தவனும் நான்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"கம்பெனிக்காரன் இருபத்தாறு வருசத்துல என் உயரத்தக் கேட்டதே இல்ல சார். வண்டி டயத்துக்கு வருதான்னுதான் கேட்டான். இப்ப இறக்கிவிட்டா நான் எங்க போவேன்? மறுபடியும் கரி அள்ளவா? என்னைப் போல இன்னும் ஒம்போது பேரு இருக்கானுவ."

"அப்படியென்றால் ஜன்னல் உயரம் சரி என்று ஆகிவிடுமே. இன்னும் நூறு இன்ஜின் இதே மாதிரி வரப்போகிறது."

"வரட்டும். நூறு பெட்டி செஞ்சுக்கிறோம். மரத்துக்கா பஞ்சம்?"

"பெட்டி மறுபடி சறுக்கினால்? அடுத்த முறை எதிரே ஒரு வண்டி வந்தால்?"

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னைக்கு எதுக்கு அளக்குறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, தம்பி, நாங்க வெறுங்காலோட வந்து நின்னிருப்போம்" என்றார். சாரிலிருந்து தம்பிக்கு வந்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்குத்தான் கோபம் வந்தது. சர்க்குலரை இவருக்கு யார் காட்டுவது? சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்ததை இவர் பார்த்தாரா? நான் சொல்லக் கூடாது என்றால் சொல்லக் கூடாதுதானே? நீங்கள் சட்டம் தெரிந்தவர், நீங்கள் சொல்லுங்கள். 

சுந்தரவரதன் நேற்றும் கூப்பிட்டுச் சொன்னார். 'அளவு சரி'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாரும், உம்ம உத்தரவு டைப் ஆகி என் மேஜையில இருக்கு, என்று. மேஜையைத் தட்டியும் காட்டினார். ஆக, சரி என்று சொன்னால் எனக்கு வேலை நிரந்தரம், மரியசூசைக்குக் கூட்ஸ், நூறு இன்ஜினிலும் பெட்டி. தப்பு என்று சொன்னால் ஜன்னல் இறங்கும், பத்து டிரைவர்களும் இறங்குவார்கள், நானும் இறங்குவேன்.

எழுதிய வாக்கியங்களைப் படிக்கிறேன், கேளுங்கள். 'அளவுகள் அப்போதைய நிலையில் சரியாகவே எடுக்கப்பட்டன.' இது பொய் இல்லை. ஆனால் பொய் மாதிரியே இருக்கிறது. 'பாதணியின் தன்மை குறித்து ஐயம் உண்டு.' உடனே யாருடைய பாதணி என்பார்கள். 'பெட்டிகளின் உபயோகத்தை நோக்கும்போது ஜன்னலின் உயரம் மறுபரிசீலனைக்குரியது.' இது கொஞ்சம் தேவலை. ஆனால் ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் இருக்கிறது. இதோ, பட்டியல். நாற்பத்து மூன்று பெட்டி, ஒவ்வொன்றின் உயரம், எதிரே உரியவர் பெயர். இந்தப் பெட்டி உயரங்களின் சராசரி எவ்வளவோ, ஜன்னல் அவ்வளவு இறங்க வேண்டும். நாலு அங்குலம், ஏறக்குறைய. இதைவிட நல்ல அளவு வேறு கிடையாது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவனவன் தன் காலுக்கு வேண்டிய அளவுக்குச் செய்துகொண்டது. ஆனால் இதைக் கொடுத்தால் பெட்டிக்குரியவரைக் கூப்பிட்டுச் சுவரில் நிறுத்திவிடுவார்கள். முதல் பெயரே மரியசூசைதான்.

பாருங்கள், நீங்களே பாருங்கள். என்ன? பெயர் தெரியவில்லையா? கண்ணாடி கொண்டுவரவில்லையா? எழுத்து பொடிதான், கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று பொடியாக எழுதிவிட்டேன். எண் தெரிகிறதா? எண்ணைக் கொஞ்சம் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன். படிக்க முடிகிறதா? பெயர் இல்லாமல் எண் மட்டும் படிக்க முடிகிறதா?

கொஞ்சம் பொறுங்கள்.

எண் மட்டும் போதும். ஜன்னல் இறங்குவதற்கு எண் போதும். அன்றைக்குத் தாமதம் ஏன் என்றுதானே பார்த்து வரச் சொன்னார்கள், ஆட்களைப் பதிந்து வரச் சொல்லவில்லையே. பெயர்க் கட்டத்தை நான்தான் சேர்த்தேன், எதையும் விட்டுவிடக் கூடாதே என்று. சேர்க்கச் சொல்லி எந்தச் சர்க்குலரிலும் இல்லை. அளவு சரியா என்று கேட்டால், பெட்டி அளவு இது, ஆள் அளவு எடுத்தபோது பூட்ஸைக் கழற்றச் சொல்லாதது என் தவறு, காரணத்தைச் சொல்லாமல் அளந்ததும் என் தவறு, என்பேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யாருடைய பெட்டி என்று கேட்டால்? இந்தத் தாளில் இல்லை என்பேன். இருக்காதே.

அந்த உத்தரவு மேஜையிலிருந்து குப்பைக்குப் போகும். போகும்தான். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.  

நான் புதுத் தாளில் கோடு போட்டுக்கொள்கிறேன். இரண்டே கட்டம். வரிசை எண், உயரம். பழைய தாள் உங்களிடமே இருக்கட்டும், திருப்பித் தர வேண்டாம். உங்களுக்கு இவர்களால் என்ன ஆகப்போகிறது? இறங்கியதும் கிழித்துவிடுங்கள். நான் கிழித்தால், 'கிழித்தீரா?' என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

சொல்லுங்கள். முதலாவது, ஆறரை அங்குலம். ஆம். இரண்டாவது? மூன்றேகால். மூன்றாவது? ஐயா, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்காதீர்கள். பெயர் வேண்டாம் என்றேனே. எண் மட்டும் சொல்லுங்கள்.